குவிமாடத்தின் உச்சியில் நட்சத்திரம் நசுங்குகிறதா?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காகப் பாரசீகப் பாணிக் குவிமாடம் ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறேன். தட்டையாக வரைந்த எட்டு முனை நட்சத்திரமும் சிலுவையும் கலந்த ஓட்டு வடிவத்தை அதன் மேல் ஏற்றினால், அடியில் அழகாக இருக்கிறது; மேலே போகப் போக நசுங்கிவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: இது செட்டிங்கில் தீருகிற சிக்கல் இல்லை. தாளைச் சுருட்டி உருளை செய்யலாம், கூம்பு செய்யலாம். பந்தின் மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியாது. எந்த மென்பொருளானாலும் இழுக்கவோ நசுக்கவோதான் செய்யும்.

ஈரானியக் கைவினைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் நட்சத்திரத்தை நசுக்கவில்லை. இஸ்ஃபஹானில் 1603க்கும் 1619க்கும் இடையில் கட்டிய ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள்: எலுமிச்சை வடிவக் கட்டங்கள் உச்சியை நோக்கி வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும், வடிவம் கெடாது. கெர்மான் மாகாணத்து மாஹானில் உள்ள ஷா நிஅமத்துல்லா வலி அடக்கத்தலக் குவிமாடத்தில் வேறு வழி: இடம் குறுகக் குறுக நட்சத்திர முனைகளின் எண்ணிக்கையே மாறும். இந்த இரண்டாவது வழி அழகு, ஆனால் கடினம். ஒவ்வொரு வரிசையையும் தனியாக வரைய வேண்டும். நீங்கள் முதல் வழியில் போங்கள்.

குவிமாடத்தை ஆரஞ்சுப் பழம்போல 16 சுளையாகப் பிரியுங்கள். ஒரு சுளை 22.5 பாகை. ஆரம் 1 மீட்டர் என்றால் சுளையின் அடி அகலம் 39 செ.மீ.; அடியிலிருந்து 60 பாகை உயரத்தில் (உச்சி 90 பாகை) அதில் சரிபாதி. சுளையைச் சம உயரக் கட்டங்களாக வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு கட்டமும் தன் நடு அகலத்துக்குச் சமமான உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் சதுரம் சதுரமாகவே தெரியும். அரைக்கோளத்துக்குக் கணக்குப் போட்டால் கட்டங்களின் மேல்கோடுகள் ஏறத்தாழ 22, 41, 56, 66.5 பாகைகளில் விழும். உங்கள் குவிமாடம் கூர் உச்சி கொண்டதானால் இந்த எண்கள் பொருந்தாது, விதி பொருந்தும்.

நான்கு வரிசையோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் பேராசை வேண்டாம். நட்சத்திரம் பொடியாகி, கீழிருந்து பார்த்தால் வெறும் புள்ளியாகிவிடும். மிஞ்சிய உச்சி வட்டத்தில் ஒரே ஒரு பதினாறு முனை நட்சத்திரம் வையுங்கள், சுளைக்கு ஒரு முனை.

வடிவத்தைப் படமாக ஏற்றாதீர்கள், கோடுகளாகவே வரையுங்கள். நட்சத்திரத்தின் மூலைகளை மட்டும் பரப்பில் குறித்து, இரண்டிரண்டாகப் பரப்பை ஒட்டிய மிகக் குறுகிய பாதையில் இணையுங்கள். கோடுகளைப் போதுமான துண்டுகளாகப் பிரித்து ஷ்ரிங்க்ராப் (ஒன்றை இன்னொன்றின் பரப்பில் படியவைக்கும் பிளெண்டர் கருவி) கொடுத்தால் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்காமல் விட்டால் நடுவில் குவிமாடத்துக்குள் புதைந்துபோகும். கோட்டின் தடிமனும் வரிசைக்கு வரிசை அதே விகிதத்தில் குறையட்டும், இல்லையென்றால் மேல் வரிசை அடைத்துக்கொள்ளும். ஒரு சுளை முடிந்ததும் அர்ரே மாடிஃபையரில் (நகல்களை வரிசையாக அடுக்கும் கருவி) ஆப்ஜெக்ட் ஆஃப்செட் வைத்து, 22.5 பாகை திருப்பிய எம்ப்டியை (உருவமில்லாத வழிகாட்டிப் பொருள்) காட்டினால் மற்ற பதினைந்தும் தானாக வந்து நிற்கும்.

கடைசியாக, கேமராவைத் தரையின் நடுவில் வைத்து நேர் மேலே பாருங்கள். சுளைகளின் விளிம்பில் சிலுவைகள் பிசகாமல் சேர்ந்தால் வேலை சரி.