சென்னை வெயிலுக்குச் சன்ரூஃப் வைத்த கார் தேவையா?

சென்னையில் கார் வாங்கும்போது சன்ரூஃபுக்காக, அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடிக்காக, கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; அதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தலைக்கு மேல் கண்ணாடியும் ஒரு திரையும் மட்டுமே இருப்பதால், நண்பகலில் மூடிய திரையைத் தொட்டாலே சூடு தெரியும். ஏசியும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் வகையில் கண்ணாடி பெரிது, தொல்லையும் பெரிது.

பலரும் கவனிக்காதவை வடிகுழாய்கள். ரப்பர் விளிம்பைத் தாண்டி இறங்கும் மழைநீரைச் சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளிலுள்ள மெல்லிய குழாய்களே வெளியேற்றுகின்றன. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பூவும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், ஐப்பசி மழையில் உள்கூரை நனைந்து கறை படியும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, சட்டத்தின் ஓரத்தில் அரைக் குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

உண்மையான பயன் ஒன்று உண்டு: வெயிலில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியின் பின்விளிம்பைச் சற்றே உயர்த்தினால், கூரையடியில் தேங்கிய அனல்காற்று விரைவாக வெளியேறிவிடும். ஆனால் நான்கு கதவுக் கண்ணாடிகளையும் இறக்கினாலும் அதே வேலை நடந்துவிடுகிறது.