ஆடியைத் தாண்டுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 30. தவில் வாசிக்கிறேன். உங்கள் அப்பா நாதஸ்வர வித்வான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

போன வைகாசியில் மட்டும் பதினாலு நிகழ்ச்சி. கையில் பணம் புரண்டது. தவணையில் வண்டி எடுத்தேன், பாப்பாவுக்குக் காது குத்தினேன். ஆடி பிறந்ததும் ஒரே ஒரு அம்மன் கோயில் புறப்பாடு. வண்டித் தவணைக்காக மனைவியின் தோடு அடகுக்குப் போனது. திருப்பூருக்குப் போய் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்கிறாள். வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்.

என் தகப்பனாரும் தவில்தான். "கணக்குப் பார்க்க ஆரம்பிச்சா கை ஓடாது. நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை கணக்குப் பார்த்தா வாசிச்சார்?" என்பார். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் உட்கார்ந்து எண்ணினேன். வருஷத்துக்கு 62 நிகழ்ச்சி. என் பங்கு சராசரியாக 4,000 ரூபாய். பஸ், தவில் பழுது, வேட்டி சட்டை என்று செலவு 38,000 இருக்கும். இது பிழைக்கப் போதுமா, போதாதா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, 'அவருக்குத் தெரியாமல் உட்கார்ந்து எண்ணினேன்' என்பது. எங்கள் வீட்டில் அதை யாரும் செய்ததில்லை.

முதலில் உங்கள் தகப்பனார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் மேல் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன், அந்தப் பேச்சு தப்பு. தவில்காரர் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு. தனி வாசிக்கும்போது ஆதி தாளத்தில் திஸ்ர நடை எடுத்து, எத்தனை அட்சரம் தள்ளி ஆரம்பித்தால் முடிப்புக் கோர்வை, தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழும் என்று பார்க்கிறீர்களே, அதற்கு உங்கள் தொழிலில் என்ன பெயர்? கணக்கு. அதில் ஒரு அட்சரம் பிசகினால் பக்கத்தில் தாளம் போடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கணக்கால் ஓடாமல் போகாத கை, வீட்டுக் கணக்கால் எப்படி ஓடாமல் போகும்?

ராஜரத்தினம் பிள்ளை பணத்தைக் கையில் தங்கவிடாதவர் என்பது ஊரறிந்தது. அவர் 1956-இல் மறைந்தார், அவர் வாசித்த தோடி ராகம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட சன்மானத்தைக் கொடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். நமக்கு அடுத்த முகூர்த்தம் வந்தால்தான் உண்டு. அவருடைய வாசிப்பைப் பின்பற்றுங்கள், அதற்கே ஒரு ஆயுள் போதாது. அவருடைய செலவை ஏன் பின்பற்ற வேண்டும்?

சரி, உங்கள் எண்களுக்கு வருகிறேன். 62 நிகழ்ச்சி, நாலாயிரம் வீதம் 2,48,000. அதில் தொழில் செலவு 38,000 போனால் மிச்சம் 2,10,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 17,500. எல்லா வருஷமும் 62 வராது என்பதால் 15,000 என்றே வைத்துக்கொள்வோம். தம்பி, நீங்கள் மாதம் பதினைந்தாயிரம் சம்பளக்காரர். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் திருப்பூரில் அறை வாடகையும் ஓட்டல் சாப்பாடும் போக உங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வைகாசியில் நீங்கள் ஐம்பத்தாறாயிரம் சம்பளக்காரராக உங்களை நினைத்துக்கொண்டீர்கள், ஆடியில் ஒன்றுமில்லாதவராக நினைத்துக்கொண்டீர்கள். இரண்டுமே உண்மை இல்லை. வண்டி வாங்கியவர் அந்த வைகாசி ஆள், தவணை கட்ட வேண்டியவர் ஆடி ஆள்.

எங்கள் அப்பா வாக்கியப் பஞ்சாங்கத்தில்தான் எல்லாவற்றையும் குறிப்பார். முகூர்த்தத் தேதிக்குப் பக்கத்தில் ஊர், கல்யாண வீட்டார் பெயர், பேசிய தொகை, வாங்கிய அட்வான்ஸ். அவர் போன பிறகு இருபது வருஷத்துப் பஞ்சாங்கங்களை நான் எடுத்து வந்தேன். அதில் ஆவணி பக்கங்களில் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும்: 'சங்கிலி திருப்பியாச்சு.' அம்மாவின் மூணு பவுன் சங்கிலி. ஆடியில் கடைக்குப் போகும், ஆவணி முதல் முகூர்த்தப் பணத்தில் வீட்டுக்கு வரும். மார்கழியில் போகும், தையில் வரும். சின்ன வயதில், அம்மா கழுத்தில் சங்கிலி இருந்தால் அது கல்யாண மாதம் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் ஆவணியிலும் அந்த வரி இல்லை, ஐப்பசியிலும் இல்லை. அப்பாவுக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதம் குழல் எடுக்காத வருஷம் அது. நகை மூழ்கிவிட்டது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அப்பா பஞ்சாங்கத்தில் தொகை எழுதுவதை நிறுத்திவிட்டார், ஊர் பெயர் மட்டும் எழுதினார். அவர் மோசமாகச் செலவு செய்தவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பணம் வரும் மாதமும் செலவு வரும் மாதமும் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குத்தான் எங்கள் வீடு இருபது வருஷம் வட்டி கட்டியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வங்கியில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொழில் கணக்கு. கச்சேரிப் பணம் கையில் வந்தாலும் ஜிபேயில் வந்தாலும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று வீட்டுக் கணக்கு. ஒன்றாம் தேதி தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 15,000 மாற்றுங்கள். வைகாசியிலும் அதே 15,000, ஆடியிலும் அதே 15,000. அரிசி, பால், மின்கட்டணம், பாப்பா பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள். பஸ் செலவும் தவிலுக்குத் தோல் மாற்றுவதும் தொழில் கணக்கில். ஆனி கடைசி முகூர்த்தம் முடியும்போது தொழில் கணக்கில் குறைந்தது 30,000 நிற்க வேண்டும். ஆடியையும், ஆவணியில் பணம் கைக்கு வரும் வரையுள்ள நாட்களையும் அதுதான் தாண்ட வைக்கும். முதல் வருஷம் நிற்காது. பாதி நின்றாலே பெரிய விஷயம், தோடு வெளியே போகாது.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. வாசித்து முடித்து, மாலையைக் கழற்றி, தவிலை உறையில் போடும் வரை அது கல்யாண வீட்டாருடைய பணம்.

2020 பங்குனி நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு எல்லா மேளச் செட்டும் அட்வான்ஸ் வாங்கியிருந்தது. கல்யாணங்கள் வீட்டுக்குள் இருபது பேரோடு முடிந்தன. மேளம் வேண்டாம் என்றார்கள். என் தம்பியும் நாதஸ்வரம்தான். அவன் பதினோரு அட்வான்ஸைக் கூரை ஓடு மாற்றச் செலவு செய்திருந்தான். திருப்பிக் கேட்டவர்களுக்குக் கொடுக்க மூணு வட்டிக்குக் கடன் வாங்கினான். அவனோடு வாசிக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்கு அந்தச் சமயம் நான் போயிருந்தேன். மர பீரோவுக்குள்ளிருந்து கல்யாணப் பத்திரிகைக் கவர்களாக எடுத்து வைத்தார். மூலையில் மஞ்சள் தடவிய கவர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வீட்டு அட்வான்ஸ், வாங்கிய நோட்டாகவே இருந்தது. கவர் மேல் பென்சிலில் தேதி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் பண்ணி, "வந்து வாங்கிக்குங்க தம்பி, இல்லேன்னா கல்யாணம் தள்ளிப்போனா அப்ப வெச்சுக்கலாம்" என்றார். பாதிப் பேர் வாங்க வரவில்லை. மறுபடி ஊர் திறந்தபோது அந்த வீடுகளெல்லாம் முதலில் அவரைத்தான் கூப்பிட்டன. கவரெல்லாம் வேண்டாம் என்றால், தொழில் நோட்டில் அட்வான்ஸுக்குத் தனிப் பத்தி போட்டுச் சிவப்பு மையில் எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்த ராத்திரி அதை நீல மையில் வரவுப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

செட்டை நடத்துகிற நாதஸ்வரக்காரரிடமிருந்து உங்கள் பங்கு தாமதமாக வருகிறது என்றால், தேதியையும் தொகையையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வங்கிக்கு வருவோம். உங்களுக்குச் சம்பளச் சீட்டு யாரும் தரப்போவதில்லை, நீங்களேதான் உண்டாக்க வேண்டும். பான் கார்டு எடுத்து, வரி ஒரு பைசா வராவிட்டாலும் வருஷா வருஷம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். இரண்டு மூன்று வருஷக் கணக்கும், பணம் ஒழுங்காக வந்து போகும் தொழில் கணக்கும் கையில் இருந்தால் மேலாளர் உங்களோடு பேசும் தொனியே மாறும். இன்னொரு பலனும் உண்டு. சபாவோ நிறுவனமோ ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000-க்கு மேல் கொடுத்தால் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்கு தாக்கல் செய்தால், வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவருக்கு அந்தப் பணம் திரும்ப வரும். அது போனது போனதுதான் என்று விட்டுவிட்ட கலைஞர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

கையைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா? வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. இந்த இரண்டு கையும்தான் உங்கள் நிலம், கடை, எல்லாமே. ராத்திரி ரிசப்ஷன் முடித்துவிட்டு விடியக்காலை முகூர்த்தத்துக்குத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். வங்கியில் பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு என்று ஒன்று, வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரோ இரண்டு கைகளோ போனால் இரண்டு லட்சம், ஒரு கை போனால் ஒரு லட்சம். 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும் இருக்கிறது. இரண்டையும் நாளைக்கே போடுங்கள். ஆனால் விரல் முறிந்து மூணு மாதம் கட்டுப் போட்டிருந்தால் இவற்றில் எதுவும் வராது. அதற்குத் தொழில் கணக்கில் நிற்கும் பணம்தான். முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. உங்கள் கணக்கு அதைத் தாண்டுகிறது. எனவே குடும்பத்துக்கு ஒரு மருத்துவ பாலிசி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதன் பிரீமியத்தை வைகாசியில் வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

சேமிப்பில் ஒரே ஒரு யோசனை. மாதம் தவறாமல் கட்டியே ஆக வேண்டிய எதுவும் இப்போதைக்கு வேண்டாம். சீட்டு வேண்டாம், இன்னொரு தவணையும் வேண்டாம். தபால் நிலையத்தில் பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கினால் வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டாலே அது உயிரோடு இருக்கும். நல்ல முகூர்த்தம் வந்த மாதம் பத்தாயிரமும் போடலாம். பதினைந்து வருஷம், பாப்பா கல்லூரிக்குப் போகும்போது கைக்கு வரும். அடல் பென்ஷன் திட்டத்தில் 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய், அறுபதுக்கு மேல் மாதம் 5,000. 40 வயது வரைதான் சேர முடியும், வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வசதியும் இருக்கிறது, வைகாசியிலும் கார்த்திகையிலும் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, நல்ல விஷயம். ஆனால் நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுங்கள். நாலு பிள்ளைகள் வந்தால்கூடப் போதும். பெரிய வருமானம் இல்லை, ஆனால் அது தோடு வெளியே போகும் மாதங்களில் வருகிற வருமானம்.

கடைசியாக உங்கள் மனைவி. அவர் தவிலைப் பிடிக்காமல் திருப்பூர் போகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் தேதிகள் அவருக்குத் தெரியாது, தொகை தெரியாது, எப்போது வரும் என்றும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவின் பஞ்சாங்கத்தை அம்மா ஒருநாள்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அந்த 62-ஐ எழுதிய தாளை அவரிடம் காட்டுங்கள். வீட்டுக் கணக்கை இருவர் பெயரிலும் தொடங்குங்கள், நோட்டை அவர் எழுதட்டும். தகப்பனாரிடமும் மறைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். உங்களைவிட வேகமாகக் கூட்டுவார்.

இப்போது முதல் வேலை, கையில் நிற்கும் முதல் பணத்தில் தோட்டைத் திருப்புவது. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னால் தொழில் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதுங்கள். குறைவாக இருந்தாலும் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா