எந்த எஃகு மிதிவண்டி நிலைத்து நிற்கும்? – கேள்வி பதில்

தஞ்சாவூரில் மாதந்தோறும் கூடும் எங்கள் மிதிவண்டி நண்பர்கள், இன்று கையால் செய்யப்படும் எஃகு மிதிவண்டிகளில் எவை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தேடி வாங்கப்படும் என்பதையொட்டி எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கும்பகோணம், கல்லூரி மாணவர்: ஐயா, இப்போது செய்யப்படும் வண்டிகளில் நாளைக்குக் 'கிளாசிக்' என்று பெயர் எடுக்கப்போகிறவை எவை?

பெயர்களைச் சொல்வதற்கு முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். செய்தவருடைய கை அந்தச் சட்டகத்தில் தெரிய வேண்டும். அடிபட்டால் வேறொருவர் அதைச் சரிசெய்ய முடிய வேண்டும். உதிரி பாகங்கள் எந்த ஊரிலும் பொருந்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வண்டி சுவரில் மாட்டும் பொருளாகிவிடும்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் சாக்ஸ். லண்டனில் விட்கம் பட்டறையில் தொழில் பழகி, 1975 முதல் தம் பெயரில் லக் (குழாய்கள் கூடும் இடத்தில் போடும் உறை) வைத்த சட்டகங்களைத் தனியொருவராகச் செய்தவர். அடுத்து இத்தாலியின் டாரியோ பெகோரெத்தி. 2018-இல் அவர் மறைந்துவிட்டார். அவர் கையால் வண்ணம் தீட்டிய சட்டகங்களை இப்போதே ஓவியம் வாங்குவதைப் போல வாங்குகிறார்கள். மூன்றாவதாக ஜப்பானின் நாகசாவா. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் (குறுந்தூர வேகப் போட்டி) பட்டம் வென்ற கோய்ச்சி நகானோ ஓட்டியது அவர் செய்த சட்டகத்தைத்தான். 1948-இல் தொடங்கிய கெய்ரின் என்ற ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தின் பாரம்பரியப் பிரிவில் ஜப்பானியர் இன்றும் எஃகுச் சட்டகத்தையே அனுமதிப்பதால், அந்த அளவுகளும் பாகங்களும் வழக்கொழியவே இல்லை.

பலரும் ஏற்காத ஒரு பெயரையும் சேர்க்கிறேன்: லண்டனின் பிராம்ப்டன் மடக்கு மிதிவண்டி. ஆயிரக்கணக்கில் செய்யப்படும் வண்டிதான் என்றாலும், அதன் எஃகு இணைப்புகளைப் பற்றவைக்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் தாம் செய்த பாகத்தில் தமக்கென்று உள்ள முத்திரையைப் பதிக்கிறார். இணைப்புக்கு இன்னார் பொறுப்பு என்று தெரியும் பொருள் எண்ணிக்கையால் மதிப்பிழக்காது என்பது என் நம்பிக்கை.

மயிலாடுதுறை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்: லக் வைத்துப் பற்றவைத்ததுதான் உயர்ந்தது, டிக் வெல்டிங் தாழ்ந்தது என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்பவர்களுக்கு பெகோரெத்தியே பதில். அவர் பெயர் பெற்றது டிக் வெல்டிங்கில். இரண்டும் வேறு வேறு வேலைகள். டிக் வெல்டிங்கில் மின்பொறியின் சூட்டில் குழாய்களின் ஓரமே உருகி ஒன்றாகிறது. லக் வைக்கும்போது அந்த உறைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளியில் உருகிய வெள்ளிக் கலவை, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத் தானாகப் புகுந்து நிரம்புகிறது. உங்கள் தெருவில் நகை ஆசாரி வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். வெள்ளிக் கலவை 600 முதல் 700 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும், பித்தளைக்கு ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். குழாயின் சுவர் நடுவில் 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டரே இருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று; பழைய எஃகு வகைகளில் சூடு கூடினால் இணைப்பை ஒட்டிய எஃகு வலுவிழக்கும்.

1990-களில் வந்த ரெனால்ட்ஸ் 853 என்ற எஃகுக் குழாய் இந்தக் கணக்கை மாற்றியது. பற்றவைத்த பின் காற்றில் ஆறும்போதே இணைப்புப் பகுதி இறுகுவதால், டிக் வெல்டிங் அதற்கு மிகவும் பொருந்துகிறது. ஆகவே முறையை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். லக்கின் ஓரம் நெடுகிலும் வெள்ளிக்கோடு ஒரே அளவில் ஓடுகிறதா, வெல்டிங்கின் அலைகள் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

திருவையாறு, இசை ஆசிரியை: எஃகு கனமானதாயிற்றே? விலை உயர்ந்த குழாய் என்றால் வண்டி மெத்தென்று ஓடுமா?

நல்ல எஃகுச் சட்டகம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். கார்பன் சட்டகம் ஒரு கிலோவுக்கும் கீழே வரும். கல்லணைக் கால்வாய்க் கரையில் ஏற்றமே இல்லாதபோது அந்த ஒரு கிலோ தெரியாது, ஆடிக் காற்றுத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. மலிவான எஃகும் விலை உயர்ந்த எஃகும் ஏறத்தாழ ஒரே அளவு விறைப்பு (வளைந்து கொடுக்காத தன்மை) உள்ளவை, வேறுபடுவது வலிமை. வலிமை கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும். விறைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழாயின் விட்டமே: சுவர் அதே கனத்தில் இருக்க, 28.6 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 31.8 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மெத்தென்ற ஓட்டத்துக்கு நீங்கள் செலவிட வேண்டியது அகலமான டயருக்கு.

உங்களுக்குக் காது பழகியிருக்கும், ஒன்று செய்து பாருங்கள். பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவது போல, குழாயின் முனையிலிருந்து நடுப்பகுதி வரை நகத்தால் சுண்டிக்கொண்டே வாருங்கள். முனையில் மொத்தையாகக் கேட்கும் ஒலி ஓரிடத்தில் சட்டென்று கணீரென மாறும். சுவர் அங்கேதான் மெல்லியதாகிறது. முனை தடித்து நடு மெலிந்த இந்தக் குழாய்க்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் 1897-இலேயே காப்புரிமை பெற்றது.

நாகப்பட்டினம், வங்கி ஊழியர்: எங்கள் உப்புக்காற்றில் எஃகு எத்தனை நாள் தாங்கும்?

கவனித்தால் உங்கள் பேரன் ஓட்டும் வரை தாங்கும். கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊரிலேயே கண்டேன். என் நண்பரின் வண்டியில் அலுமினிய சீட் போஸ்ட், எஃகுக் குழாய்க்குள் இரண்டு ஆண்டுகள் கழற்றப்படாமல் கிடந்தது. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து அதை இறுகப் பிடித்துவிட, கடைசியில் போஸ்ட்டை அறுத்து, உள்ளே மிஞ்சிய துண்டை ரம்பத்தால் நெடுக்காகக் கீறி எடுத்தோம். ஒரு பகல் முழுக்க அந்த வேலை நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் தடவியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

துரு உள்ளிருந்துதான் வருகிறது. ஐப்பசி மழையில் சீட் போஸ்ட் ஓரமாக இறங்கும் நீர், பெடல் அச்சு இருக்கும் கூட்டில் போய்த் தேங்கும். அங்கே அடியில் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேறு அடைக்காமல் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஓவராயில் செய்யும்போது, வண்டியைத் தலைகீழாக்கி, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி, வடியவிட்டுக் காயவையுங்கள். பெயிண்டில் கடுகளவு கொப்புளம் எழுந்தால் அன்றைக்கே சுரண்டிப் பெயிண்ட் தொட்டுவிடுங்கள். வசதி இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் உண்டு: ரெனால்ட்ஸ் 953, கொலம்பஸ் எக்ஸ்சிஆர். கடலோரத்தில் இருப்பவருக்கு அந்தச் செலவு வீண் அன்று.

திருவாரூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: டிஸ்க் பிரேக், மின்சார கியர் எல்லாம் வைத்த கைவேலை வண்டியும் கிளாசிக் ஆகுமா?

டிஸ்க் பிரேக் ஆகும், அது ஊன்றிவிட்டது. மின்சார கியரைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் அதன் பேட்டரியும் மென்பொருளும் சட்டகத்தை விட வெகு முன்னதாகவே மாண்டுவிடும். ஆனால் சாதாரண கியருக்கான இழுவைக் கம்பி போகும் வழியும் சட்டகத்தில் இருந்தால் பின்னாளில் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். பெடல் அச்சுக் கூடு திருகு மரை உள்ளதாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகையை நான் வாங்கமாட்டேன்.

தஞ்சாவூர், பெயர் எழுதவில்லை: முதலீடாக வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். நிலம் வாங்குங்கள். வண்டியை ஓட்டுவதற்கு வாங்குங்கள்.

மன்னார்குடி, பாலிடெக்னிக் மாணவி: நம் டெல்டாவில் ஒரு பட்டறையில் இப்படிப்பட்ட சட்டகத்தைச் செய்ய முடியுமா, ஐயா?

முடியும், அம்மா. இந்தக் கேள்வி வருமா என்றுதான் காத்திருந்தேன். குழாய்களை வரவழைத்துக்கொள்ளலாம், கேஸ் வெல்டிங் தெரிந்த கைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. கடினமான வேலை நெருப்புக்கு முன்னால் இருக்கிறது: ஒரு குழாயின் முனை இன்னொன்றின் உருளைப் பரப்பில் வெளிச்சம் நுழையாமல் உட்காரும்படி அரத்தால் இழைக்க வேண்டும். முதலில் சாதாரண குழாய்த் துண்டுகளில் பழகுங்கள். முதல் பத்து இணைப்புகளை முடித்ததும் ஒவ்வொன்றையும் நெடுக்காக அறுத்து, உள்ளே பற்று முழுவதும் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடாத இடம் கறுப்பாகத் தெரியும். பத்தாவது துண்டில் கறுப்பே இல்லையென்றால் அதை அடுத்த கூடலுக்கு எடுத்துவாருங்கள்.