பாடகரின் பங்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த மெல்லிசைக் கச்சேரியில், டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாடல்களை எல்லாம் ‘சிவாஜி பாட்டு’, ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றே அறிவித்தார்கள். பாடகர் என்பவர் நடிகருக்குக் குரலை இரவல் கொடுப்பவர் மட்டும்தானா? அன்று கவிஞரும் இசையமைப்பாளரும் பாடகரும் ஒரே இடத்தில் கூடிப் பாட்டை உருவாக்கினார்கள். இன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாட்டு முடிந்துவிடுகிறது. பழைய தரம் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. சிவாஜிக்குக் கனத்த குரலிலும் எம்.ஜி.ஆருக்குச் சற்றே மெலிந்து தெளிந்த குரலிலும் டி.எம்.எஸ். பாடியதை எல்லோரும் அறிவோம். அவருடைய பங்கு அதோடு நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்து இளைஞர் ஒருவர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய முருகன் பாடலுக்குத் தாமே மெட்டமைத்துப் பாடியவர் அவர். அந்த இளைஞர்தான் பின்னாளில் கவிஞர் வாலி ஆனார். ஒரு கவிஞரைச் சென்னைக்கு வரத் தூண்டிய பாடகரை இரவல் குரல் என்று எப்படிச் சொல்வது?

‘பாவ மன்னிப்பு’ (1961) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘அத்தான் என்னத்தான்’ பாடலை ஒருமுறை தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். ‘தான்’ என்று முடியும் சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. கொஞ்சம் பிசகினாலும் வெறும் சொல் விளையாட்டாகப் போய்விடக்கூடிய பாட்டு. பி. சுசீலா அந்தச் சொற்களை ஒரே அழுத்தத்தில் பாடவில்லை. ஓரிடத்தில் இழைய விட்டு, இன்னோரிடத்தில் சட்டென்று முடித்துக்கொள்கிறார். சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் பெண்ணின் நாணம் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பிறக்கிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் அவர் என்பதை நினைக்கும்போது, எனக்கு அந்தப் பாட்டின் மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இரண்டாவது கேள்வியில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே பதிவு செய்த காலத்தில், ஒரு வயலின் தவறினாலும் மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டியிருந்தது. அதனால் ஒத்திகை நிறைய நடந்தது, பாட்டுக்கு அது நன்மையும் செய்தது. ஆனால் அந்தப் பாடல்களின் வலிமைக்கு நான் காணும் காரணம் நீண்ட காலச் சேர்க்கை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1952-இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அதன் பிறகும் கண்ணதாசன் 1981-இல் மறையும்வரை அந்த இரட்டையரில் ஒருவரான எம்.எஸ். விஸ்வநாதனோடு தொடர்ந்து எழுதினார். அத்தனை ஆண்டுகளும் பெரும்பாலும் டி.எம்.எஸ்., சுசீலா போன்ற சில குரல்களே சுற்றிச் சுற்றி வந்தன. பாட்டு உச்ச ஸ்தாயியில், அதாவது மிக உயர்ந்த சுரத்தில் நிற்கும் இடத்தில் ‘ஆ’ விழுந்தால் தொண்டை திறக்கும், ‘இ’யோ ‘உ’வோ விழுந்தால் இறுகும். மெட்டை ‘தன்ன தானா’ என்று பாடிக்காட்டும் தத்தகாரத்துக்கு வரி எழுதும்போதே யாருடைய தொண்டை அதைப் பாடப் போகிறது என்று தெரிந்த கவிஞர், சொல்லைத் தேடும் விதமே வேறு.

ஆகவே குற்றத்தை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதிவு செய்ய வழிசெய்த கணினியின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. தனித்தனியாகக் குரல் பதிவு செய்யும் வழக்கம் வேரூன்றிய பிறகுதான் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் கவிஞர் நா. முத்துக்குமாரும் சேர்ந்து ‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) பாடல்களைத் தந்தார்கள். ‘தங்க மீன்கள்’ (2013) படத்தின் ‘ஆனந்த யாழை’ பாடலுக்காக முத்துக்குமார் தேசிய விருது பெற்றபோதும் இசை யுவனுடையதே. இசையமைப்பாளரும் கவிஞரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருப்பது இன்றும் நடக்கிறது.

அந்த நிலைத்த இடத்தை இழந்தவர் பாடகர்தான். ‘அடிமைப் பெண்’ (1969) பாடல் பதிவுக்கு முன் எஸ்.பி. பாலசுப்ரமணியம் காய்ச்சலில் படுத்தபோது, வேறொருவரைப் பாட வைக்காமல் அந்தப் புதிய குரலுக்காக எம்.ஜி.ஆர். காத்திருந்தார். இன்றோ, ஒரே பாட்டை இரண்டு மூன்று பேரைப் பாட வைத்துப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பாட்டு வெளியாகும் நாளில்தான் தன் குரல் இருக்கிறதா என்பது பாடியவருக்கே தெரிய வருகிறது. அப்படியிருக்க, எந்தக் கவிஞர் எந்தத் தொண்டையை மனத்தில் வைத்து எழுதுவார்?