பள்ளி இறுதியாண்டில் ‘எனக்கு யாரைப் பிடிக்கிறது?’ என்று குழம்பும் பெண்ணுக்கு: கேள்வி பதில்

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பெண்களும் அவர்கள்மீது அக்கறை கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பதின்பருவத்தினருக்கான மனநல ஆலோசகர்.

கேள்வி: அக்கா, எனக்கு 17 வயசு. கூடப் படிக்கிற ஒருத்தியைப் பார்த்தாலே படபடன்னு வருது. அவ வேற யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசினா அன்னிக்குப் படிப்பே ஓடாது. ஆனா எட்டாவதுல ஒரு பையனையும் பிடிச்சிருந்தது. அப்போ நான் யாரு? பரீட்சைக்கு முன்னாடி தெரிஞ்சாகணும் போல இருக்கு.

பதில்: பரீட்சைக்குத் தேதி உண்டு, இதற்குக் கிடையாதும்மா. இதில் இரண்டு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன: தன்னைத் தெரிந்துகொள்வது ஒன்று, பிறரிடம் சொல்வது இன்னொன்று. முதல் வேலை முடிந்தவுடனே இரண்டாவதைத் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதலில் பொறாமையைத் தள்ளிவையுங்கள். உயிர்த்தோழி விஷயத்திலும் பொறாமை வரும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவளைப் போல ஆக ஆசையா, அவளோடு இருக்க ஆசையா? அவள் உங்களைக் கவனிக்கிறாள் என்று தெரிந்தால் உடல் என்ன செய்கிறது? கைகோத்து நடப்பதை நினைத்தால் இதமாக இருக்கிறதா, ஒன்றுமே தோன்றவில்லையா? பத்து ஆண்டு கழித்து ஒரு வீட்டை மனத்தில் வரையும்போது கூட இருப்பது யார்? இரண்டும் கலந்தே வரலாம். வியப்பில் தொடங்கி ஈர்ப்பில் முடிவதும் உண்டு, வியப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு.

அடுத்தது, ஒருத்தியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கதைகளில், திரையில், வகுப்பில் யாரிடம் கண் போய் நிற்கிறது என்று நான்கைந்து வாரம் கவனியுங்கள். எழுதுவதானால் பெயர் போடாமல், தேதியும் ஒரு வரியும் போதும். ‘இன்று யாருக்காகக் காத்திருந்தேன், ஏன்?’ தினமும் அலச வேண்டாம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம், அதற்குமேல் மூடிவையுங்கள்.

எட்டாம் வகுப்புப் பையன் பொய்யாகிவிடவில்லை. 1948இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி மனித ஈர்ப்பை 0 முதல் 6 வரை ஒரு அளவுகோலாகப் போட்டார். எதிர்பாலினம் மட்டும் என்பது 0, தன்பாலினம் மட்டும் என்பது 6. நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அதோடு, யார்மேல் உடல் ஈர்ப்பு, யார்மேல் காதல், யாரோடு மனம் ஒட்டுகிறது என்பவை எல்லாருக்கும் ஒரே திசையில் போவதில்லை. ஒன்றுக்கொன்று முரண்படுவதால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று ஆகாது.

கேள்வி: இருபாலீர்ப்புன்னு சொல்லிட்டு அப்புறம் மாத்தினா, ‘அப்பவே சொன்னோமே, சும்மா ஒரு கட்டம்தான்’னு சொல்லிடுவாங்களே?

பதில்: சொல்வார்கள். அதற்காக முன்கூட்டியே ஒரு பெயரில் பூட்டிக்கொள்ள வேண்டாம். உளவியலாளர் லிசா டயமண்ட், எதிர்பாலீர்ப்பு மட்டுமே தமக்கு உண்டு என்று கருதாத 79 பெண்களை 10 ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு, 2008இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்றில் இரண்டு பங்கினர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரை ஒருமுறையாவது மாற்றியிருந்தார்கள். பெயர் மாறியதால் முன்பு இருந்த உணர்வு நாடகமாகிவிடாது. யாராவது நெருக்கினால் ‘இப்போதைக்கு இதுதான் பொருத்தமாக இருக்கிறது’ என்று சொன்னால் போதும். பெயரே வைக்காமலும் இருக்கலாம். யார்மேலும் அப்படி ஈர்ப்பு வருவதில்லை என்றால் அதற்கும் அல்பாலீர்ப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அது குறையல்ல.

கேள்வி: முடியைக் குட்டையா வெட்டிக்கப் பிடிக்கும், சட்டை பேன்ட்தான் வசதி. அதனால நான் தன்பாலீர்ப்பாளரா?

பதில்: இல்லை. உடை ஒரு விஷயம், யாரைப் பிடிக்கிறது என்பது வேறு விஷயம், உங்களைப் பெண்ணாக உணர்கிறீர்களா என்பது மூன்றாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்குப் போட முடியாது.

கேள்வி: எந்தப் பெண்ணையும் எனக்குப் பிடிச்சதில்லை. ஆனா ‘ஒருவேளை நான் அப்படியோ’ன்னு ஒரு நினைப்பு ஒரு நாளைக்கு நூறு தடவை வருது. பெண்களோட படத்தைப் பார்த்து உடம்பு என்ன செய்யுதுன்னு சோதிச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன். இணையத்துல வர்ற எல்லா வினாடி வினாவும் எழுதிட்டேன்.

பதில்: இது வேறு வகையாக இருக்கலாம். ஈர்ப்பைத் தேடும் மனத்தில் பயத்தோடு ஆசையும் ஆர்வமும் கொஞ்சமாவது இருக்கும். உங்கள் கடிதத்தில் பதற்றமும் சோதனையும்தான் தெரிகின்றன. வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்யவைக்கும் எண்ணச் சுழல் நோயில் (OCD) இப்படி ஒரு வடிவம் உண்டு. சோதித்தவுடன் ஐந்து நிமிடம் நிம்மதி, பிறகு சந்தேகம் இரட்டிப்பாகத் திரும்பும். எரியும் நெருப்புக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு விறகு. உடல் எதிர்வினையை உற்றுப் பார்க்கப் பார்க்க ஏதாவது ஒன்று தென்படத்தான் செய்யும், பயத்துக்கும் இதயம் துடிக்குமே. வினாடி வினாக்களை இன்றோடு நிறுத்துங்கள். சோதிக்கத் தோன்றும்போது 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் இது விழுங்கினால், சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (CBT) தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள். அவர் நீங்கள் யார் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார், சந்தேகம் வந்தாலும் சோதிக்காமல் இருக்கப் பழக்குவார். சிகிச்சையால் கட்டுக்குள் வரக்கூடியது இது.

கேள்வி: டாக்டர், என் மகளின் நோட்டில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டேன். பெண்கள் பள்ளியில் சேர்த்தது தப்பா? மருந்தோ கவுன்சலிங்கோ கொடுத்து மாற்ற முடியுமா?

பதில்: பள்ளியும் காரணமல்ல, வளர்ப்பும் காரணமல்ல. ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, தன்பாலினத்தாரோடு உறவு கொள்வதில் மரபணுக்களுக்கும் பங்குண்டு, ஆனால் இதைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை என்று காட்டியது. இது நோயும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது, உலக சுகாதார அமைப்பு 1990இல். மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் சிகிச்சைகளால் ஈர்ப்பு மாறுவதில்லை. மனச்சோர்வு, தன்வெறுப்பு, தற்கொலை எண்ணம் இவைதான் மிஞ்சுகின்றன. அப்படிச் சொல்பவரிடம் மகளைக் கூட்டிப்போகாதீர்கள், அவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும்.

நோட்டைப் படித்ததை இப்போது சொல்லி விசாரணை வைக்க வேண்டாம். அவள் இன்னும் தனக்கே சொல்லி முடிக்காததை நீங்கள் கேட்டால் ‘இல்லவே இல்லை’ என்பாள், அந்தப் பொய்யை அதன்பிறகு தூக்கிச் சுமக்க வேண்டிவரும். யாரையாவது பற்றிப் பேச்சு வரும்போது ‘யார் யாரை விரும்பினாலும் எனக்குக் குறையில்லை’ என்று அவள் காதில் விழச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது, பல மாதங்களில் நாலைந்து முறை. மனதார வரவில்லையென்றால், வரும்வரை கேலி மட்டும் செய்யாதீர்கள். அவள் அதைத்தான் கூர்ந்து கவனித்துக்கொண்டிருப்பாள்.

கேள்வி: மனசு தாங்கல அக்கா. ஒரு ஆளிடமாவது சொல்லணும். வீட்டிலயா, தோழிகிட்டயா?

பதில்: பெரும்பாலும் ஒரே ஒரு தோழியிடம் தொடங்குவது நல்லது. உங்களை அதிகம் பிடித்தவளைவிட, வேறொருவரின் ரகசியத்தைக் காத்தவளைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் கதையை உங்களிடம் கொட்டுகிறவள் உங்கள் கதையையும் கொட்டுவாள். முதலில் ஒரு செய்தியையோ ஒரு கதாபாத்திரத்தையோ எடுத்துப் பேசி முகத்தைப் பாருங்கள். எழுத்தில் அனுப்பாதீர்கள், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஊரைச் சுற்றும். நேரில் சொல்லும்போது கோரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘இது இன்னும் யாருக்கும் தெரியாது. நீ யாரிடமும் சொல்லக் கூடாது. பதில் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.’

வீட்டில் சொல்வதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறேன். படிப்புச் செலவுக்கும் தங்குவதற்கும் நீங்கள் அவர்களை நம்பியிருக்கும்போது, அடி விழும், படிப்பு நிற்கும், அவசரமாகக் கல்யாணம் பேசுவார்கள், பூட்டிவைப்பார்கள் என்று நியாயமான பயம் இருந்தால், இப்போது சொல்லாதீர்கள். அது கோழைத்தனம் இல்லை. தன் காலில் நிற்கும்வரை காத்திருப்பது நேர்மைக்குறைவும் இல்லை. சொல்லத்தான் போகிறீர்கள் என்றால் சண்டை நடக்கும் நாளும் பரீட்சை வாரமும் வேண்டாம். நிலைமை முற்றினால் இரண்டு இரவு தங்க ஒரு வீடு, நம்பகமான பெரியவர் ஒருவர், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் இவற்றின் நகல், கொஞ்சம் பணம்: இவ்வளவும் முதலில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணினி, ஒரே கணக்கு. நான் தேடுவது தெரிந்துவிடுமா?

பதில்: தெரிய வாய்ப்பு அதிகம். மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) அந்தக் கருவியில் வரலாறு பதிவாவதை மட்டும் தடுக்கும், கண்காணிப்புச் செயலியையோ வீட்டுக்கு இணையம் தரும் நிறுவனத்தையோ தடுக்காது. பலர் மாட்டிக்கொள்வது வேறு வழிகளில்: கணக்கோடு ஒத்திசையும் தேடல் வரலாறு, காணொளிப் பரிந்துரை, விசைப்பலகை முன்மொழியும் சொல், பூட்டிய திரையில் தெரியும் அறிவிப்பு. இவற்றை அணையுங்கள். வரலாறு முழுவதையும் ஒரே நாளில் அழித்தால் அதுவே சந்தேகம் கிளப்பும்.

கேள்வி: இணையத்தில் ஒரு அக்கா என்னை நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இப்போ படம் கேக்கறாங்க, இல்லேன்னா வீட்டுல சொல்லிடுவேன்னு சொல்றாங்க.

பதில்: அவர் அக்கா அல்ல, பெண்ணே இல்லாமலும் இருக்கலாம். குழம்பியிருக்கும் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். படம் அனுப்பாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, கூடும். உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு, கணக்கைப் புகாரளித்து முடக்குங்கள். ஏற்கெனவே படம் போயிருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு உதவும். படத்தைப் பதிவேற்றாமல், உங்கள் கருவியிலேயே அந்தப் படத்தை அடையாளம் காட்டும் எண் முத்திரையை மட்டும் எடுத்து, பங்கேற்கும் தளங்களுக்குக் கொடுத்துப் பரவாமல் தடுக்கப் பார்க்கும். பிறகு ஒரு பெரியவரிடம் ‘ஒருவர் என்னை மிரட்டுகிறார்’ என்று சொல்லுங்கள். குற்றம் செய்தது அவர், நீங்கள் அல்ல.

கேள்வி: சில ராத்திரி உயிரோட இருக்கவே பிடிக்கல. யார்கிட்ட சொன்னாலும் ‘ஏன்’னு கேப்பாங்களே.

பதில்: இன்றைக்கே சொல்லுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லாமலே உதவி கேட்கலாம்: ‘சாக வேண்டும்போல் தோன்றுகிறது, என்னைத் தனியாக விடாதீர்கள், காரணம் இப்போது கேட்காதீர்கள்.’ அம்மாவோ ஆசிரியையோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ, யாராக இருந்தாலும் சரி. எப்படிச் செய்துகொள்வது என்றுகூட யோசித்துவிட்டீர்கள் என்றால் அவசர எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்து மாத்திரை இருக்கும் அறையில் இன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. பள்ளி முடியறதுக்குள்ள அவகிட்டயே சொல்லிடலாமா?

பதில்: அவள் மறுத்தாலும் யாரிடமும் சொல்லாத பெண் என்று நம்பிக்கை இருந்தால் சொல்லலாம். அதையும் கடைசிப் பரீட்சை முடிந்தபிறகு சொல்லுங்கள். சுருக்கமாக, தனியே, அவள் எழுந்து போக வசதியான இடத்தில். அவள் ‘எனக்கு அப்படி இல்லை’ என்றால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், அவளே பேச வரட்டும்.