கிர்க்கா, பிக்கார்டா, சிஸ்கோவா?

கேள்வி: என் கணவர் ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க விண்வெளித் தொடர்களின் பைத்தியம். கல்யாணமான புதிதில், "எல்லாத்தையும் வரிசையா பார்த்துடலாம்" என்று 1966-ல் வந்த முதல் தொடரைப் போட்டார். ஐந்தாறு எபிசோடிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. கொழுந்தனாரோ, "அண்ணி, அதை விடுங்க. டிஸ்கவரியிலேர்ந்து ஆரம்பிங்க, மத்ததெல்லாம் பழசு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு என்றால் அண்ணன் தம்பிக்குள் இதே சண்டைதான். எனக்கு அறிவியல் பெரிதாகத் தெரியாது, கதை நன்றாக இருந்தால் பார்ப்பேன். இதில் எந்தத் தொடர்தான் உசத்தி? நான் எங்கே தொடங்குவது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருச்சி)

பதில்: உசத்தி 'டீப் ஸ்பேஸ் நைன்'. ஆனால் நீங்கள் தொடங்க வேண்டியது அதில் இல்லை. அண்ணனும் ஒப்புக்கொள்ள மாட்டார், தம்பியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் 'வரிசை'. பழைய தொடர் 79 எபிசோடு. 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178, 'டீப் ஸ்பேஸ் நைன்' 176, 'வாயேஜர்' 172. தினம் ஒன்று என்று விடாமல் பார்த்தாலும் இந்த நான்குக்கே ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகும். அதற்கப்புறமும் தொடர்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவரை இந்த வரிசையில் நிற்க வைப்பது ஓட வைப்பதற்குச் சமம்.

அதற்காகப் பழைய தொடரை மட்டம் தட்ட மாட்டேன். பணமில்லாமல் எடுத்த தொடர் அது. வாரா வாரம் விண்கப்பலை ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்றுதான், ஆட்களை ஒளியாகக் கரைத்து இறக்கும் டிரான்ஸ்போர்ட்டரையே கண்டுபிடித்தார்கள். மூன்றாவது சீசனே ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததால் கிடைத்தது. அதையும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, பட்ஜெட்டையும் வெட்டி, 1969-ல் முடித்துவிட்டார்கள். செட்டு அட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேப்டன் கிர்க், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் ஒரு முடிவை நடுவில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்கிற காட்சிகளில் செட்டை யார் பார்க்கிறார்கள்? உங்கள் கணவர் செய்த தப்பு, அதை முதல் எபிசோடிலிருந்து ஓட்டியதுதான். அவரையே பொறுக்கித் தரச் சொல்லுங்கள். 'பேலன்ஸ் ஆஃப் டெரர்', 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' இரண்டும் அவர் பட்டியலில் இல்லையென்றால் அவருடைய பைத்தியத்தையே நான் சந்தேகிப்பேன். ஆனால் இதெல்லாம் பிறகு.

உங்களுக்கு வாசல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. 1987-ல் வந்தது. அதன் முதல் இரண்டு சீசனும் பெரும்பாலும் தேறாது. கதாசிரியர்களுக்குக் கை கட்டிய நிலை: எதிர்கால மனிதர்கள் பக்குவப்பட்டவர்கள், கப்பல்காரர்களுக்குள் சண்டை சச்சரவு கூடாது என்பது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரியின் கட்டளை. சண்டையே இல்லாமல் நாடகம் எழுது என்றால் யார்தான் என்ன செய்வார்கள்? போதாக்குறைக்கு 1988-ல் கதாசிரியர்கள் வேலைநிறுத்தம். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடைப் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டே ஒப்பேற்றினார்கள். மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் கதைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் தொடர் எழுந்து நின்றது.

ஆனால் அந்தத் தேறாத இரண்டாவது சீசனுக்குள்தான் உங்களுக்கான எபிசோடு இருக்கிறது: 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞராக இருந்தவர். அது கதையில் தெரியும். கப்பலில் டேட்டா என்று ஓர் இயந்திர மனிதன், அதிகாரி. அவனைப் பிரித்துப் போட்டு ஆராய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறான், ராஜினாமா செய்கிறான். கப்பற்படையின் உடைமை எப்படி ராஜினாமா செய்யும் என்று விசாரணை வைக்கிறார்கள். ஆள் பற்றாக்குறையால் டேட்டாவுக்கு எதிராக வாதாடும் வேலை அவனுடைய நண்பன் ரைக்கர் தலையில் விழுகிறது. மனசறிந்து சொதப்பினால் வழக்கே அப்படியே தள்ளப்பட்டு டேட்டா போய்விடுவான். அதனால் ரைக்கர் நன்றாகவே வாதாடுகிறான். முதலில் டேட்டாவின் கையைக் கழற்றி மேஜையில் வைக்கிறான். பிறகு பேசிக்கொண்டே பின்னால் போய், முதுகில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிறான். டேட்டா அப்படியே மேஜைமேல் கவிழ்கிறான். நண்பன் தன் இருக்கைக்குத் திரும்பி நடக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். இதற்கு என்ன அறிவியல் தெரிய வேண்டும்?

அதே எபிசோடில் நடிகை வூப்பி கோல்ட்பெர்க், டேட்டாவுக்காக வாதாடும் கேப்டன் பிக்கார்டிடம் அமைதியாக ஒரு விஷயம் சொல்வார்: தலைமுறை தலைமுறையாக டேட்டாக்களைச் செய்து வேலை வாங்கினால் அவர்களுக்கு என்ன பெயர் என்று. வழக்கு திரும்பும் இடம் அது. பழைய தொடரில் ஊஹுரா என்கிற கறுப்பினப் பெண் அதிகாரியைப் பார்த்து உந்தப்பட்டுத்தான் இந்தத் தொடரில் நடிக்க வந்தேன் என்று கோல்ட்பெர்க் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், குளிர்ந்துவிடுவார்.

அடுத்தது 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்', இரண்டு பாகம். 1990-ல் முதல் பாகத்தைக் கத்தி முனையில் நிறுத்திவிட்டு, கோடை முழுக்க அமெரிக்க ரசிகர்களைத் தவிக்கவிட்டார்கள். நீங்கள் தவிக்க வேண்டியதில்லை, உடனே அடுத்ததைப் போடலாம். போர்க் என்கிற எதிரி பிக்கார்டையே பிடித்து, தன் குரலாக்கி, அவருடைய அறிவைக் கொண்டே கப்பற்படையை அழிக்கிற கதை.

இதைப் பார்த்த பிறகுதான் 'டீப் ஸ்பேஸ் நைன்' பக்கம் போக வேண்டும் என்பதற்குக் காரணம் அதன் முதல் பத்து நிமிடத்திலேயே இருக்கிறது. தொடர் அந்தப் போரில்தான் தொடங்குகிறது. இதன் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோவின் மனைவி அங்கே சாகிறாள். மூன்று வருஷம் கழித்து, புதிய பொறுப்பை ஏற்க வந்தவன் பிக்கார்டின் எதிரில் நிற்கிறான். நாம் முன்பே சந்தித்திருக்கிறோம், போரில், என்கிறான். பிக்கார்டின் முகம் இறுகிப்போகிறது. முந்தைய தொடரின் நாயகன் இங்கே ஒருவனுக்கு மனைவியைக் கொன்றவன். பிக்கார்டைத் தெரியாமல் இந்தக் காட்சியைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

மற்ற கேப்டன்கள் எல்லாம் லாட்ஜில் தங்குகிறவர்கள் மாதிரி: வருவார்கள், ஒரு கிரகத்தின் பிரச்சினையைத் தீர்ப்பார்கள், அடுத்த வாரம் வேறு ஊர். சிஸ்கோ அங்கேயே குடியிருக்கிறவன். அது கப்பல் இல்லை, விண்வெளி நிலையம். ஊர் ஊராகச் சுற்றாது. அருகில் இருக்கும் பஜோர் கிரகம் ஐம்பது வருஷம் கார்டாசியர்கள் என்கிற வேற்றினத்தாரின் பிடியில் கிடந்து அப்போதுதான் விடுபட்டிருக்கிறது. இன்று எடுத்த முடிவின் விளைவு அடுத்த மாதம் வாசலில் வந்து நிற்கும், அடுத்த சீசனிலும் நிற்கும். அந்தக் காலத்தில் இது துணிச்சல். தொடரைத் தனித்தனி உள்ளூர் நிலையங்களுக்கு விற்றார்கள். ஒரு வாரம் தவறவிட்டவருக்கும் புரிய வேண்டும் என்பதே வியாபாரக் கணக்கு. கதைப் பொறுப்பில் இருந்த ஐரா ஸ்டீவன் பெஹ்ரும் அவர் குழுவும் அந்தக் கணக்கை மெல்ல மெல்ல மீறி, கடைசி சீசன்களில் ஒரு முழுப் போரையே தொடர்கதையாக எழுதிவிட்டார்கள்.

முதல் சீசன் கடைசிப் பகுதியில் 'டூயட்' வரும். அதைத் தவறவிடாதீர்கள். சிகிச்சைக்காக ஒரு கார்டாசியன் வந்து இறங்குகிறான். அவனுடைய வியாதி ஒரே ஒரு வதைமுகாமில் இருந்தவர்களுக்கு மட்டுமே வந்தது. விடுதலைப் போராளியாக இருந்த கீரா அவனைப் பிடித்து அடைக்கிறாள். கதையின் பெரும்பகுதி, கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், பேச்சு மட்டும்தான். துப்பாக்கியும் இல்லை, வெடியும் இல்லை. அவன் ஒரு நிமிடம் கெஞ்சுகிறான், அடுத்த நிமிடம் செய்த கொலைகளைச் சொல்லிப் பெருமைப்படுகிறான். எது உண்மை என்பதை நான் சொல்லப் போவதில்லை.

'வாயேஜர்' மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எவ்வளவு நல்ல கரு! வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல், அதில் ஒரு பகுதியினர் அரசுக்கு எதிரான கலகக்காரர்கள். பட்டினியும் பகையும் எழுதித் தீராத கதை. ஆனால் முதல் கதை முடிவதற்குள் கலகக்காரர்களும் அதே சீருடையைப் போட்டுக்கொள்கிறார்கள். கப்பலில் இருப்பது 38 டார்பிடோ, தீர்ந்தால் வேறு இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். 38-ஐ எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் எண்ணி எண்ணிச் சிரித்தார்கள். அடிபட்ட கப்பல் அடுத்த வாரம் புத்தம் புதிதாக வரும். அங்கே சில காலம் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய கதாசிரியர் ரொனால்ட் மூர், 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்கிற வேறொரு விண்வெளித் தொடரை மீண்டும் உருவாக்கியபோது, தண்ணீரும் எரிபொருளும் உண்மையிலேயே தீர்கிற கப்பல்களை எழுதினார். ஆனாலும் கேப்டன் கேத்தரின் ஜேன்வேயாகக் கேட் மல்க்ரூவை எனக்குப் பிடிக்கும். நான்காவது சீசனில் செவன் ஆஃப் நைன் என்கிற பாத்திரம் வந்த பிறகு தொடரும் நன்றாகவே பிழைத்துக்கொண்டது.

கொழுந்தனாருக்கு வருகிறேன். 2017-ல் வந்த 'டிஸ்கவரி' பார்க்கப் பிரமாதம்தான், மறுக்கவில்லை. சீசனுக்கு ஒரே கதை, அதிகம் போனால் 15 எபிசோடு. அதனால் ஒவ்வொரு சீசனிலும் ஏதோ ஒரு பேரழிவு காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிரளயத்துக்கு நடுவே கப்பலோட்டுகிற பெண்ணின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. சும்மா உட்கார்ந்து சீட்டாடுகிற எபிசோடுகள் இருந்ததால்தான் பிக்கார்டின் ஆட்கள் நமக்குச் சொந்தமானார்கள். 'டிஸ்கவரி' செய்த பெரிய நன்மை, இரண்டாவது சீசனில் கேப்டன் பைக்கைக் கூட்டி வந்தது. 1966-க்கு முன்பே எடுத்து, நிறுவனம் வேண்டாம் என்று தள்ளிய முதல் மாதிரி எபிசோடின் நாயகன் அவர். 2022-ல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்று அவருக்கே ஒரு தொடர் அமைந்தது. வாரம் ஒரு கதை, பழைய பாணி, புதிய செட்டு. உங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டையில்லாமல் சேர்ந்து உட்காரக்கூடிய தொடர் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஞாயிறு 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் பார்க்கும்போது உங்கள் கணவர் திரையைப் பார்க்க வேண்டும், உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. "இப்ப வரும் பாரு" என்பதும் கூடாது. ரசிகர்களோடு படம் பார்ப்பதில் இருக்கும் மகா கொடுமை அது. உங்கள் தூக்கத்துக்கும் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். 'டூயட்' முறை வரும்போது கொழுந்தனாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'என்டர்பிரைஸ்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கணவர் எப்படியும் ஒருநாள் அதையும் போடுவார். நான்காவது சீசன் நன்றாக இருக்கும். தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடலாம். கடைசி எபிசோடையும்.