இங்கிலீஷ் சரளமாக வராது, மைக்கில் பேசக் கூச்சம். பேசாமலே ஹெல் லெட் லூஸ் (இரண்டாம் உலகப் போரை வைத்த ஆன்லைன் குழு விளையாட்டு) ஆடலாமா?

ஆடலாம். ஆனால் பேசுங்கள். அநேகமாக ஒருமுறை நீங்கள் வாய் திறந்தபோது யாராவது சிரித்திருப்பார்கள். அப்படி ஒரு தம்பியின் வாயை நானே அடைத்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம், பெங்களூரு மர்ஃபி டவுனில் என் அறையில் இருந்து ஆடிக்கொண்டிருந்தேன். காரென்டான் மேப். ஆறு பேர் ஸ்குவாடுக்கு, அதாவது சிறு குழுவுக்கு, நான் ஆபீசர், அதன் தலைவன். ஆபீசர் என்றால் ஸ்குவாட் பேச்சு, மொத்த அணிக்கும் தலைவரான கமாண்டர் பேச்சு இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழும். நடுவில் ஒரு குரல், "சார்... ரைட் சைடு... சம்திங் சார்" என்றது. இரண்டு பேர் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரித்தார்கள். அவர்களை அதட்டியிருக்க வேண்டும். நான் அவனிடம், "கொஞ்சம் சும்மா இரு, கமாண்டர் பேசுறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் அடங்கிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் எதிரிகள் வலது பக்க வேலியோரமாக வந்து எங்கள் கேரிசனை, அதாவது செத்தவர்கள் மறுபடி களத்தில் இறங்கும் இடத்தை, உடைத்துவிட்டார்கள். கேரிசன் போட 50 சப்ளை, அதாவது கட்டுமானப் பொருள், வேண்டும். அந்தச் சப்ளைப் பெட்டியைச் சுமந்து வந்து வைத்ததே அவன்தான். ஆட்டம் முடிந்து பேசினால், தமிழ்ப் பையன், இங்கேயே படிக்கிறான். "பார்த்தேண்ணா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். அன்றைக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். திரையின் அடியில் திசைமானி இருக்கிறது அல்லவா, அந்த எண், என்ன மறைவு, எத்தனை பேர், அவ்வளவுதான். "210, வேலி, மூணு பேர்." அவன் தமிழில் சொல்வான். ஆபீசர்கள் சேனலில் நான் இங்கிலீஷில் சொல்வேன். அந்த சேனலில் சாதாரண வீரர் பேச முடியாது. நீங்கள் பார்த்ததை ஆபீசரிடம் சொல்லாவிட்டால் மற்ற ஸ்குவாடுகளுக்குத் தெரியவே தெரியாது.

"ஒரு கேமுக்கு இவ்வளவு பேச்சா" என்று கேட்க வருபவர்கள், ஐம்பதுக்கு ஐம்பது பேர் ஒன்றரை மணி நேரம் வரை ஆடும் ஒரு ஆட்டத்தை முழுதாக ஆடிவிட்டு வாருங்கள். தனியாக ஓடிச் சுடுவதற்கு வேறு விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன.

   

சரி, உங்கள் விஷயம். முதல் நாள் சப்போர்ட் ரோலை, அதாவது சப்ளைப் பெட்டி சுமப்பவர் வேலையை, எடுங்கள். ஆபீசர் பக்கத்திலேயே போங்கள். அவர் வைக்கச் சொல்லும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு "சப்ளைஸ் டவுன்" என்று சொல்லுங்கள். முதல் நாளைக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.